எதிரில் நிற்பவரின் வசனம்

எனக்கு விடுப்பு கூட, பிறர் வீட்டுப் புதினம் அறியும் ஆசை. அடுத்த வீட்டுக்கு யார் வந்தது, யார் போனது, போனவர் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார் என்பதெல்லாம் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் கணவர் இதை ஒரு வருத்தம் என்றே சொல்வார், பிரஷரைப் போல, சலரோகத்தைப் போல. சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த வருத்தம் மட்டும் இல்லாதிருந்தால் கீழ்வீட்டு மனிதரை நான் அறிந்திருக்கவே மாட்டேன்.

மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் இருப்பது மூன்று மாடிக் கட்டடம். நாங்கள் மேல்மாடியில். எங்களுக்கு நேர் கீழே ஒரு குளிர்கால ஆரம்பத்தில் அவர் குடிவந்தார். கொண்டு வந்த சாமான் கொஞ்சம்தான், ஆனால் சால்வைகள் மட்டும் ஒரு பெட்டி நிறைய. வயது எண்பதுக்குக் கிட்ட இருக்கும். பெரிய தலை, காதை மூடும் வெள்ளை முடி, படியேறும்போதுகூட வளையாத முதுகு. ஆளைப் பார்க்கும் முன்பே எனக்கு அவர் குரல் பழக்கமாகிவிட்டது. குளியலறைக் குழாய் வழியாக மேலே வரும். அதில் ஒரு அதிசயம் இருந்தது. கேட்பது இரண்டு குரல். ஒன்று கேட்கும், மற்றது பதில் சொல்லும், பிறகு முதலாவது சத்தம் போடும்.

"கீழ ஆரோ வந்து நிக்கினம். சண்டை போல கிடக்கு" என்றேன்.

"ஒருத்தரும் வரேல்லை. அந்த மனுசன் தனியாக் கதைக்குது. நீ குழாயடியை விட்டு எழும்பி வா" என்றார் என் கணவர்.

இரண்டு நாளில் அவரே வந்து எங்கள் கதவைத் தட்டினார். சால்வையை ஒரு தோளில் போட்டபடி, ஏதோ கலியாண வீட்டுக்கு வந்தவர் போல நின்றார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம்தான். அவருடையதில் உருது வந்து விழும், என்னுடையதில் தமிழ். ஆனால் இப்போது நினைக்கும்போது அவர் எனக்கு யாழ்ப்பாணத் தமிழிலேயே கேட்கிறார். அப்படியே எழுதிவிடுகிறேன். இன்னொருவர் வாயில் சொல்லைப் போட்டதற்காக என்னைக் கோபிக்கக்கூடிய ஆள் அல்ல அவர். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

"மேல்வீட்டு அம்மா பிரெஞ்சு கதைப்பா எண்டு கேள்விப்பட்டன்" என்றார்.

"ஓம், நான் கார்தெரியில வேலை. நாள் முழுக்கச் சின்னப் பிள்ளையளோட பிரெஞ்சுதான். என்ன வேணும்?"

"என்ர வீட்டில ஹீட்டர் வேலை செய்யேல்லை. கொன்சியேர்ஜோட கதைக்க வேணும்."

"அதுக்கென்ன, என்ன சொல்ல வேணும் எண்டு நான் சொல்லித் தாறன்."

"அது வேண்டாம் பேட்டி" என்றார். மகள் என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "அவர் என்ன சொல்லுவார் எண்டு சொல்லித் தாங்கோ."

எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கொன்சியேர்ஜ் ஹெயிட்டிக்காரர். நல்ல மனிதர், ஆனால் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். தொண்டையை ஒரு தரம் செருமிவிட்டு, நாளைக்குக் கட்டாயம் செய்கிறேன் ஐயா என்பார், "துமேன் மெசியூ, சான் ஃபோத்." அதைச் சொல்லிக் காட்டினேன். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தலையை எந்தப் பக்கம் சரிப்பார், கையை எங்கே வைப்பார் என்று கேட்டார். பிறகு தான் சொல்லிப் பார்த்தார். செருமல் உட்பட அப்படியே இருந்தது. தான் பேச வேண்டியதைப் பற்றி மட்டும் ஒரு சொல் கேட்கவில்லை.

மறுநாள் கொன்சியேர்ஜ் வந்தபோது நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விடுப்புத்தான். கிழவர் கதவைத் திறந்தார். கொன்சியேர்ஜ் வாயைத் திறக்கும் முன்பே கிழவர் தலையைச் சரித்து, செருமி, "துமேன் மெசியூ, சான் ஃபோத்" என்றார். கொன்சியேர்ஜ் ஒரு கணம் திகைத்துப் போய் நின்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹீட்டர் அன்று பின்னேரமே சுடத் தொடங்கியது. எங்கள் வீட்டில் அதற்காக ஒரு மாதம் காத்திருந்தோம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அவர் பாகிஸ்தானில் பெயர் பெற்ற தொலைக்காட்சி நடிகர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. இறைச்சிக் கடையில்தான் தெரிந்தது. ஒருநாள் அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு ஜோன்-தலோன் தெருப் பக்கம் ஒரு ஹலால் கடைக்குப் போனோம். ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார், கத்தியைக் கீழே வைத்தார், கையை ஏப்ரனில் துடைத்தார், அழத் தொடங்கிவிட்டார். வரிசையில் நின்ற பெண்கள் கைத்தொலைபேசியை எடுத்தார்கள். ஒரு அம்மா அவர் சால்வையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. என்னோடு காரில் சீட்பெல்ட் போடத் தெரியாமல் தடுமாறிய மனிதர் இவர்.

அந்த நீதிபதி வசனத்தைச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் கெஞ்சினார். ஏதோ பழைய தொடரில் இவர் நீதிபதியாக வந்து ஒரு தீர்ப்புச் சொல்வாராம், ஊரே அதைப் பாடமாக்கி வைத்திருந்ததாம். கிழவர் தலையை ஆட்டினார். "அதை நீங்கள் சொல்லுங்கோ. உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே" என்றார். கடைக்காரர் வெட்கப்பட்டு, கனைத்து, இரத்தக் கறை படிந்த ஏப்ரனோடு நெஞ்சை நிமிர்த்தித் தீர்ப்பைச் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு எதிரில் நின்ற கிழவர் குற்றவாளியாகிவிட்டார். முதுகு கூனியது, முகம் ஒடுங்கியது, கையில் இருந்த இறைச்சிப் பை நடுங்கியது. மெல்லிய குரலில் இரண்டு வரி சொன்னார். எனக்கு உருது தெரியாது. இருந்தும் அழுதேன். கடைக்காரர் அன்று இறைச்சிக்குக் காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் அந்தக் கடைக்குப் போகும்போதெல்லாம் தான் தீர்ப்புச் சொன்ன கதையை எங்களுக்கே திருப்பிச் சொல்வார்.

"ஏன் உங்கட வசனத்தை நீங்கள் சொல்லேல்லை?" என்று வரும் வழியில் கேட்டேன்.

"எனக்கு அது ஞாபகம் இல்லை" என்றார். பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மைதானாம்.

அவர் தொலைக்காட்சிக்குப் போன காலத்தில் நாடகங்கள் நேரடியாகவே வீடுகளுக்குப் போகுமாம். வெட்டி ஒட்டுகிற வேலையே கிடையாது. தொடங்கினால் முடியும்வரை நிறுத்த முடியாது. இவருக்கு முதலில் கிடைத்தது ஒரு தபால்காரன் வேடம், கடிதத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு வரி சொல்லிப் போக வேண்டும். எதிரில் புதுமுகமான ஒரு பெண், கதாநாயகி. கமராவில் விளக்கு எரிந்ததும் அந்தப் பிள்ளைக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது. வாயைத் திறந்தபடி நிற்கிறாள். தபால்காரன் போகவில்லை. "உன் அண்ணனிடமிருந்து கடிதம் இல்லையா என்றுதானே கேட்கிறாய்? நான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறாய், இல்லையா?" என்று அவள் சொல்ல வேண்டிய அத்தனையையும் கேள்வியாக்கி இவரே சொல்லி முடித்தார். அவள் தலையை ஆட்டினாள், அழுதாள். பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த நடிகை பேசாமலே எவ்வளவு நன்றாக நடித்தாள் என்று எல்லோரும் மெச்சினார்களாம்.

அதன் பிறகு எந்தப் புதுமுகம் வந்தாலும் எதிரில் இவரைத்தான் நிறுத்தினார்கள். பெரிய வேடம் என்று எதுவும் இல்லை. பெண்ணின் அப்பா, பள்ளிக்கூட வாத்தியார், நீதிபதி, சாகக் கிடக்கும் பெரியப்பா. ஆனால் இவர் எதிரில் நின்றால் யாரும் தடுமாற மாட்டார்கள். "எதிர் ஆள்ட வசனத்தைத்தான் நான் பாடமாக்கிறது. அவர் சொல்லக் காதால கேட்டா என்னுடையது தானா வரும்" என்றார். கடைசிவரை, கலர் வந்து, நாடகம் நூறு துண்டாக எடுக்கத் தொடங்கிய பிறகும், அப்படித்தான் செய்தாராம்.

இந்த வித்தையை நான் ஒருமுறை பரீட்சித்துப் பார்த்தேன். ரொறொன்ரோவில் என் அக்காவின் மகளுக்குக் கலியாணம். கார்தெரிப் பொறுப்பாளரிடம் ஆடி மாதத்தில் லீவு கேட்க வேண்டும். அந்த அம்மா லேசில் லீவு தர மாட்டார். கிழவரிடம் சொன்னேன். "அவ என்ன சொல்லுவா?" என்றுதான் கேட்டார், வழக்கம் போல. ஒரு பின்னேரம் முழுக்க அந்த அம்மாவாக என்னைப் பேச வைத்தார். பெருமூச்சை எங்கே விடுவார், கண்ணாடியை எப்போது கழற்றுவார் என்று எல்லாம். அடுத்த நாள் அந்த அறைக்குள் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றியதும் அவருடைய தலையிடி எனக்கே வந்ததுபோல் இருந்தது. இரண்டு பேர் சுகமில்லை, ஆடியில் ஆள் கிடைக்காது, பாவம். அவருடைய மகனுக்குக் காய்ச்சல் எப்படி என்று விசாரித்துவிட்டு, லீவு கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன். கிழவர் இருமும்வரை சிரித்தார். கடைசியில் என் கணவர் தன் ஓட்டைப் பிரெஞ்சில் அந்த அம்மாவுக்குப் போன் பண்ணி லீவு வாங்கித் தந்தார். அவருக்கு எதிர் ஆளின் வசனம் ஒன்றும் தெரியாது, அதனால்தான் காரியம் நடந்தது என்று நான் நினைக்கிறேன்.

இதெல்லாம் சிரிப்புக்கு. எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்த விடுப்பு வேறு. அவர் வீட்டுத் தொலைக்காட்சிக்கு மேல் ஒரு படம் இருந்தது. மெலிந்த முகம், முக்காடு, சிரிக்கப் போகும் வாய். அது அவருடைய மனைவி. இறந்துவிட்டார். பக்கத்தில் இன்னொரு படம், பட்டமளிப்பு உடையில் ஒரு இளைஞன். அது மகன். இல்-பிசார் தீவில் வீடு, கொம்பியூட்டர் வேலை, மனைவி, இரண்டு பிள்ளைகள். அம்மா அப்பா இருவரையும் அவன்தான் கனடாவுக்கு எடுத்திருக்கிறான். அந்தத் தீவில் தோட்டத்தோடு வீடு இருக்க, எண்பது வயது மனிதர் ஏன் எங்கள் கட்டடத்தில் தனியாக இருக்கிறார்? நான் சுற்றிச் சுற்றிக் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் பேச்சை மாற்றினார்.

ஒரு ஞாயிறு பின்னேரம் அவரே சொன்னார். குசினியில் இரண்டு கதிரைகளை நேருக்கு நேர் போட்டு வைத்திருந்தார்.

"இருங்கோ பேட்டி. இண்டைக்கு நீங்கள் என்ர மகன்."

"நானோ? எனக்கு அவரைத் தெரியாதே."

"எனக்குத் தெரியும். நான் சொல்லித் தாறன்."

அப்படித்தான் அது தொடங்கியது. மகன் வருவான். உள்ளே வந்ததும் சப்பாத்தைக் கழற்றி, இரண்டு முனையும் சுவரைப் பார்க்கும்படி நேராக வைப்பான். தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டால், வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்பான். கோபம் வந்தால் கத்த மாட்டான், குரல் இறங்கிக்கொண்டே போகும். நான் சப்பாத்தைக் கழற்றினேன். வேண்டாம் என்றேன். குரலை இறக்கினேன். ஒவ்வொரு வரியாகச் சொல்லித் தந்தார். எதையும் எழுதித் தரவில்லை. எழுதினால் அது காகிதத்தோடு போய்விடும் என்பார். மகனுடைய கடைசி வரிக்கு வந்தபோதுதான் நடந்ததைச் சொன்னார்.

அவர் மனைவிக்குப் பாரிசவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. ஒரு சொல்லைத் தொடங்குவார், முடிக்க வராது. கணவர் முடித்து வைப்பார். தண்ணீர், சன்னல், பேரப்பிள்ளை, எதுவானாலும் மனைவியின் வாய் அசையும் முன்பே இவருக்குத் தெரிந்துவிடும். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதைப் பார்த்து வியந்தார்களாம். பிறகு ஒருநாள் டொக்டர் கட்டில் அருகே வந்து அந்த அம்மாவிடம் கேட்டார். இங்கேயே இருந்து இன்னொரு சிகிச்சை செய்து பார்க்கலாம், இல்லை வீட்டுக்குப் போகலாம், உங்கள் விருப்பம் என்ன? அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. இவர் சொன்னார், "வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லுறா." கொண்டு போனார்கள். அந்தக் கிழமையே மகன் வீட்டில் அந்த அம்மா இறந்துபோனார்.

நான் சொல்ல வேண்டிய வரி இதுதான்: "அண்டைக்கு டொக்டர் கேட்டது அம்மாவை. சொன்னது நீங்கள். அது அம்மான்ர வசனமா, உங்கட வசனமா?"

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் மெல்லத் தலையை ஆட்டினார். சரியாகச் சொன்ன புதுமுகத்தை மெச்சுவது போல. பிறகு பதில் சொல்லாமல் எழுந்து போய் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். பாலை ஊற்றி, ஏலக்காய் தட்டிப் போட்டு, சீனியை அள்ளிக் கொட்டினார். மனைவிக்கு அப்படித்தான் பிடிக்குமாம். மகன் வேண்டாம் என்று சொன்ன தேத்தண்ணியை என் கையில் தந்தார். நானும் குடித்தேன். வாயெல்லாம் ஒட்டியது.

அதன் பிறகு அநேக ஞாயிறுகளில் நான் அவருடைய மகனாக இருந்தேன். எப்போதும் அதே இடத்தில் அவர் எழுந்துவிடுவார்.

"உங்கட பதில் என்ன அங்கிள்?" என்று கேட்டேன்.

"வரும்."

"எப்ப?"

"அவன் சொல்லக் கேட்டா வரும்."

"அப்ப அவரைக் கூப்பிடுங்கோவன்."

"இன்னும் சரி வரேல்லை. 'அம்மான்ர' எண்டு சொல்லேக்க உங்களுக்குக் குரல் உடையுது. அவனுக்கு உடையாது."

பழியை என் தலையில் போட்டுவிட்டார். மகன் உங்களைக் கோபித்தாரா, அடிக்க வந்தாரா என்று கேட்டேன். "இல்லை. குட் மோர்னிங் சொல்லுவான். மருந்து எடுத்தாச்சோ எண்டு கேப்பான். அவ்வளவுதான். அந்த வீட்டில எனக்கு வசனமே இல்லாமப் போச்சு" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். மகன் வந்து எதிரில் இருந்து அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும், அதைக் கேட்டுத் தன் வாயில் ஒரு உண்மையான பதில் வர வேண்டும். அது என்ன பதில் என்று அவருக்கே தெரியாது என்பதை நான் வரவர விளங்கிக்கொண்டேன்.

கோடையில் ஒருநாள் நாங்கள் லவாலுக்குக் கடைக்குப் போனபோது தானும் வருவதாகச் சொன்னார். சாமான் வாங்கி முடிந்ததும், இங்கிருந்து இல்-பிசாருக்குப் படகு போகுமாமே என்றார். கார் ஏற்றுகிற சின்னப் படகு அது, கோடையில் மட்டும் ஓடும். என் கணவர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். படகில் கிழவர் காரை விட்டு இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சால்வையைச் சரிசெய்தார். கையால் முடியை வாரினார். இன்று நடக்கப் போகிறது என்று நினைத்தேன்.

அந்தத் தெருவுக்குள் கார் திரும்பியது. மகன் வீட்டு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு பூமரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றான். முதுகு அப்பாவுடையதுதான், வளையாதது.

"நிப்பாட்ட வேண்டாம். ஓட்டுங்கோ" என்றார் கிழவர்.

"இவ்வளவு தூரம் வந்திட்டம் அங்கிள்" என்றார் என் கணவர்.

"நான் இடம் பாக்கத்தான் வந்தனான். பாத்தாச்சு. ஓட்டுங்கோ."

அதே படகில் திரும்பி வந்தோம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வீட்டுக்கு வந்து இறைச்சியை ஃபிரிட்ஜில் அடுக்கிக்கொண்டிருந்தபோது என் கணவர் சொன்னார், "அந்த மனுசன் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. எல்லாற்ற வசனத்தையும் தானே கதைச்சு முடிக்குது." எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

மாசியில் ஒரு காலை கொன்சியேர்ஜ் படியில் விழுந்து கிடந்த கிழவரைக் கண்டு அம்புலன்சுக்கு அடித்தார். இதயம். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பி வரவில்லை. லவாலில் பனிக்குள் அடக்கம் செய்தார்கள். எங்கிருந்து அவ்வளவு சனம் வந்தது என்று தெரியவில்லை. இறைச்சிக் கடைக்காரர் விம்மி விம்மி அழுதார். மகன் ஒரு ஓரமாக நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார், மிகத் தாழ்ந்த குரலில். அந்தக் குரலை நான் உடனே அடையாளம் கண்டேன். கிட்டப் போகவில்லை. போய் என்ன சொல்வது?

ஆனி முடிவில் அந்த வீட்டு வாடகை ஒப்பந்தம் முடிய இருந்தது. அந்தக் கதவின் திறப்பு ஒன்று எங்களிடம் இருந்தது. ஒரு புழுக்கமான சனிக்கிழமை கதவு தட்டப்பட்டது.

"பொன்ஜூர். கீழ்வீட்டுத் திறப்பு உங்களிட்ட இருக்கெண்டு சொல்லிச்சினம்."

மகன்தான். எனக்கு இவரும் தமிழில்தான் கேட்கிறார், என்ன செய்ய. உள்ளே வாருங்கள் என்றேன். குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். இரண்டு முனையும் சுவரைப் பார்க்க நேராக வைத்தார். நான் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

"வேண்டாம். இப்பதான் குடிச்சனான்."

திறப்பை எடுத்துக்கொண்டு நானும் கூடவே இறங்கினேன். சாமான் கட்ட உதவி செய்கிறேன் என்றுதான் சொன்னேன். விடுப்பு என்று சொல்ல முடியுமா?

சால்வைகளை மடித்து முடித்தோம். படங்களைத் துணியில் சுற்றினோம். குசினி வாசலில் அவர் நின்றுவிட்டார்.

"அப்பா இங்க தனியாத்தானே இருந்தவர்?"

"ஓம்."

"அப்ப ஏன் ரெண்டு கதிரை? அதுவும் நேர்நேரா?"

நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாய் வரவில்லை. "ஒண்டு என்ர. நான் அதில இருந்து உங்களா நடிச்சனான்" என்றேன்.

"என்னவா?"

"உங்களா. நீங்கள் வந்தா என்ன சொல்லுவியள் எண்டு அப்பா எனக்குச் சொல்லித் தந்தவர். ஞாயிற்றுக்கிழமையளில."

அவர் மெல்ல அப்பாவின் கதிரையில் இருந்தார். "நான் என்ன சொன்னனான்?" என்றார்.

நான் எதிரில் இருந்தேன். சப்பாத்திலிருந்து தொடங்கினேன். தேத்தண்ணி வேண்டாம் என்றேன். குரலை இறக்கினேன். "அண்டைக்கு டொக்டர் கேட்டது அம்மாவை. சொன்னது நீங்கள். அது அம்மான்ர வசனமா, உங்கட வசனமா?" அன்றுதான் முதல் தடவையாக என் குரல் உடையாமல் வந்தது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதை அவருக்கு ஆர் சொன்னது?"

"நீங்கள் கேட்டதெண்டுதான் நான் நினைச்சன்."

"நான் கேக்கேல்லை. ஒருநாளும் கேக்கேல்லை. என்ர மனுசிக்குக்கூடச் சொல்லேல்லை. ஒவ்வொரு நாளும் காலமை அவருக்கு முன்னால இருந்து சாப்பிடேக்க இதுதான் வாய்க்குள்ள வந்து நிண்டது. இதே சொல்லு. விழுங்கிப்போட்டு, மருந்து எடுத்தாச்சோ எண்டு கேட்டனான்."

பிறகு என் பக்கம் சரிந்து கேட்டார்.

"அதுக்கு அவர் என்ன பதில் சொன்னவர்?"

எனக்கு அந்த நேரத்தில் எத்தனை பதில் தோன்றியது என்று சொல்லி முடியாது. எல்லாம் நல்ல பதில்கள், கேட்டால் ஒரு மகன் ஆறிப்போகக்கூடிய பதில்கள். கிழவரின் குரலிலேயே சொல்லியிருப்பேன், அவ்வளவு பழகியிருந்தேன். ஆனால் செத்த மனிதரின் வாயில் நான் ஒரு சொல்லைப் போட்டால் அது யாருடைய வசனம்?

"ஒண்டும் சொல்லேல்லை. அந்த இடம் வந்தா எழும்பிப் போய் தேத்தண்ணி வைப்பார். ஒவ்வொரு தரமும்."

"பதில் இல்லையோ?"

"இல்லை."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் இருந்த கதிரையின் காலைப் பார்த்துக்கொண்டு மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார், "நான் வாயால சொல்லாததை அவர் சொல்லுக்குச் சொல்லுத் தெரிஞ்சு வைச்சிருக்கிறார். அப்ப அண்டைக்கு அம்மான்ர உதடு அசைஞ்சது..."

அவ்வளவில் நின்றுவிட்டார். மீதி என் நாக்கு நுனியில் இருந்தது. அப்ப அம்மா சொல்ல வந்ததும் அதுதானோ என்று நானே முடித்து வைத்திருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வாழ்க்கையில் நான் அப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தது குறைவு. அவர் முடிக்கவில்லை.

பிறகு அவர் எழுந்தார். கட்டி வைத்த பெட்டி ஒன்றைத் திறந்து சின்னப் பாத்திரத்தை எடுத்தார். அலுமாரியைத் துழாவி ஏலக்காய் போத்தலைக் கண்டுபிடித்தார்.

"உங்களிட்டப் பால் இருக்கோ?"

"கொண்டு வாறன்."

நான் மேலே போய்ப் பாலோடு வந்தபோது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் நின்று சீனியை அள்ளிக்கொண்டிருந்தார். நான் போய் என் கதிரையில் இருந்தேன். அவர் ஒரு கோப்பையை என்னிடம் தந்துவிட்டு, தன்னுடையதோடு அப்பாவின் கதிரையில் இருந்தார். குடித்தேன். வாயெல்லாம் ஒட்டியது.

"சீனி கூடிப்போச்சோ?" என்றார்.

"பரவாயில்லை."

அவரும் ஒரு வாய் குடித்தார். கோப்பையைப் பார்த்தார்.

"அம்மாவுக்கு இப்பிடித்தான் பிடிக்கும்" என்றார்.